உப்பு பூக்காமல் நீலம் வராது: எகிப்திய ஃபயான்ஸ் தாயத்து செய்முறை

வல்லூறுத் தெய்வம் ஹோரஸின் கண், சிங்க முகக் குள்ளத் தெய்வம் பெஸ், பிரசவத்தில் தாயைக் காக்கும் நீர்யானை உருவத் தெய்வம் தவேரெட். பண்டை எகிப்தியர் இவற்றை நீலப்பச்சை ஃபயான்ஸில் வார்த்துக் கழுத்தில் போட்டார்கள், மம்மியின் துணிச் சுற்றுகளுக்குள்ளும் வைத்தார்கள். பீங்கான் போலத் தெரியும், ஆனால் களிமண் இல்லை. 90 சதவீதத்துக்கு மேல் குவார்ட்ஸ், அதாவது மணலில் இருக்கும் கனிமம்தான்.

நான் பயன்படுத்தும் கலவை, 100 கிராமுக்கு: நைசான குவார்ட்ஸ் பொடி 82, சோடா ஆஷ் 5, சமையல் சோடா 5, சுண்ணாம்புக்கல் பொடி 3, செம்பு கார்பனேட் 3, பென்டோனைட் 2. சோடாவுக்கு எகிப்தியர்கள் வாதி நட்ரூன் பள்ளத்தாக்கில் கிடைத்த நேட்ரான் என்ற இயற்கைச் சோடா உப்பையோ செடிச் சாம்பலையோ சேர்த்தார்கள். பென்டோனைட் என்ற பசைத்தன்மையுள்ள களிமண் நம் வசதிக்கு; அது இல்லாவிட்டால் மாவு கையிலேயே உதிரும்.

குவார்ட்ஸ் தூள் நுரையீரலுக்குக் கேடு. என்95 முகக்கவசம், கையுறை கட்டாயம். சமையல் பாத்திரம் பக்கமே போக வேண்டாம்.

உலர்ந்த பொடிகளை நன்றாகக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. அச்சுக்கு என் ஓட்டு சுட்ட களிமண்ணுக்குத்தான். எகிப்தின் அமர்னாவில் தொல்லியலாளர் பெட்ரி 1891-92இல் தோண்டியபோது இப்படிப்பட்ட ஒருபக்க அச்சுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. பிளாஸ்டர் அச்சு நமக்கு வேண்டிய உப்பையும் சேர்த்து உறிஞ்சிவிடும். அச்சில் அழுத்தி, முதுகைத் தட்டையாக வழித்து, சிறிது நேரத்தில் தட்டி எடுங்கள். கோர்க்கும் துளைக்கு ஒரு வைக்கோல் துண்டைச் செருகிவிட்டால் சூளையில் எரிந்து போகும்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். ஃபயான்ஸுக்குத் தனியாக மெருகு பூச வேண்டியதில்லை. ஈரம் வெளியேறும்போது கரைந்த சோடாவும் அதோடு மேலே வந்து, பழைய சுவரில் உப்பு பூப்பது போல வெள்ளையாகப் படியும். சூட்டில் அந்தப் படிவுதான் குவார்ட்ஸோடு உருகிக் கண்ணாடியாகிறது. காற்று படும் பக்கம்தான் பூக்கும். தரையில் ஒட்டிய பக்கம் சொரசொரப்பாகவே நிற்கும். அதனால் முகம் மேலே இருக்கும்படி கம்பி வலைமேல் வையுங்கள். பூத்தபின் விரல் படவே கூடாது. பட்ட இடத்தில் உப்பு உதிர்ந்து, சுட்ட பிறகு மங்கலாகத் திட்டு விழும். சூளைக்கு எடுத்துப் போகும்போது வலையோடு தூக்கி, அடிப்பக்கமாகத் தகட்டுக்கு நகர்த்துங்கள். மாங்கனீஸ் கலந்து கறுப்புக் கோடு வரைய ஆசையா? அச்சிலிருந்து எடுத்த கையோடு வரைந்துவிடுங்கள். பூத்த உப்பின்மேல் ஈரத் தூரிகை பட்டால் அது கரைந்துவிடும்.

நன்றாகக் காய்ந்ததும் மின்சூளையில் மணிக்கு 100 டிகிரி வீதம் ஏற்றி, 920 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் நிறுத்துங்கள். சூளைத் தகட்டில் அலுமினா பூச்சு அவசியம், இல்லாவிட்டால் தாயத்து ஒட்டிக்கொள்ளும். மணிகளைச் சூடு தாங்கும் நிக்ரோம் கம்பியில் கோர்த்துத் தொங்க விடலாம். தானாக ஆறிய பிறகே திறக்க வேண்டும். குவார்ட்ஸ் பொடியில் இரும்பு இருந்தால் நீலம் பச்சைக்குச் சாயும். எனக்கு அதுவும் பிடிக்கும்.

பிற்சேர்க்கை: உப்பே பூக்கவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். மூடிய டப்பாவிலோ மழைநாள் ஈரத்திலோ உலர்த்தினால் அப்படித்தான் ஆகும். காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள், மின்விசிறி மெதுவாக ஓடினால் போதும். கேக் அவனில் சுடலாமா என்றால் முடியாது, அந்தச் சூடு பத்தாது. இன்னொன்று, சூளையை வேறொருவரோடு பகிர்ந்தால் அவர்களுடைய வெள்ளைப் பாத்திரங்கள் பக்கத்தில் வேண்டாம். செம்பு ஆவி பட்டு அவற்றில் நிறம் ஏறலாம்.