‘இன்னொன்று அடிக்கிறேன்’ என்று சொல்லாதீர்கள்

அருவி வெட்டு முடிந்து வயல் காய்ந்ததும் பிள்ளைகள் மட்டைகளோடு வந்துவிடுவார்கள். கிளிநொச்சியில் கோல்ஃப் திடல் இல்லை, வன்னியிலேயே இல்லை. திருகோணமலைச் சீனக்குடாவில் விமானப்படை நடத்தும் திடலுக்கு வெகுதூரம் போக வேண்டும். அதனால் மழையை நம்பி ஒருபோகம் மட்டும் விதைக்கும் வயலில், வரம்புகளுக்கு நடுவே மூன்று குழிகள் வெட்டியிருக்கிறோம். விதிப்படி குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். ஏறக்குறைய அந்த அளவில் பேணிகள் தேடிப் பிடித்துப் புதைத்தோம். அடிப்பதற்கு, நான் ஆடிய காலத்து மட்டைகள்.

கடந்த மாதம் ஒரு பையன் அடித்த பந்து வளைந்து பற்றைப் பக்கம் பறந்தது. அவன் பையிலிருந்து வேறொரு பந்தை எடுத்து வைத்து, “இன்னொன்று அடிக்கிறேன், மாஸ்டர்” என்றான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவன் மீது வந்த கோபம் அல்ல அது. அந்தச் சொற்களை நானும் ஒருநாள் சொன்னேன். அதை நினைத்து வந்த கோபம்.

தலையைத் தூக்காதே, மட்டையை இறுக்கிப் பிடிக்காதே என்பவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை யாரும் சொல்லித் தருவார்கள். புதிதாக ஆடுகிறவர்கள் செய்யும் மற்றப் பிழைகளைத்தான் கீழே சொல்கிறேன்.

காற்றோடு மல்லுக்கட்டுவது

சோளகம் வீசத் தொடங்கினால் எங்கள் வெளியில் மண் பறக்கும். எதிர்க்காற்றைக் கண்டதும் பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடிக்கிறார்கள். பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அவ்வளவு சிறிய பொருள் அது. ஓங்கி அடிக்க அடிக்க அது கூடுதலாகப் பின்சுழன்று, மேலே ஏறி, காற்றில் நின்று, அங்கேயே விழுகிறது. அயன் என்பது இரும்புத் தலை மட்டை, எண் குறையக் குறையப் பந்து தாழப் பறக்கும். ஏழாம் அயனை வீசி அடிக்க வேண்டிய இடத்தில் ஐந்தாம் அயனை எடுத்து மெதுவாக அடியுங்கள். பந்து தாழப் போகும், தூரமும் போகும்.

மட்டைகளை எண்ணாமல் போவது

முதல் அடிக்கு முன் எண்ணுங்கள். 14. அதற்கு மேல் ஒன்றுகூட ஆகாது.

விதிகளைக் காதால் படிப்பது

என் தகப்பனார் 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்தை விட்டுக் கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் நுவரெலியாவில் இருந்த பெரியப்பாவிடம் அனுப்பப்பட்டேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் அமைத்த திடல் அங்கே இருக்கிறது. அதில் பை சுமக்கும் கெடியாகச் சேர்ந்தேன். ஆட்டத்தைக் கண்ணால் படித்தேன், விதிகளைக் காதால் படித்தேன். அங்கேதான் பிழை தொடங்கியது.

சனி, ஞாயிறுகளில் ஆட வரும் பெரிய மனிதர்கள் முதல் பந்து மரங்களுக்குள் போனால், “இன்னொன்று அடிக்கிறேன்” என்பார்கள். அடிப்பார்கள். எது நல்ல இடத்தில் கிடக்கிறதோ அதை ஆடுவார்கள். பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்கு அதனால் நட்டமில்லை. ஆண்டுக்கணக்காக அதைக் கேட்டுக் கேட்டு, அதுதான் முறை என்று என் மனதில் பதிந்துவிட்டது.

பல ஆண்டுகள் கழித்து இந்தியாவில் ஒரு தகுதிப் போட்டிக்குப் போனேன். தேறினால் ஒரு பருவம் முழுவதும் தொழில்முறைச் சுற்றில் ஆடலாம். மனைவியின் காப்பில் ஒன்று அடகுக் கடையில் இருந்தது. கடைசி நாள், ஒன்பதாம் குழி, நான்கு அடிகளில் முடிக்க வேண்டியது. என் முதல் அடி வலப்பக்க மரங்களுக்குள் போனது. தொலைந்திருக்கலாம் என்று நினைத்து, உடன் ஆடியவர்களிடம் ஆங்கிலத்தில் “இன்னொன்று அடிக்கிறேன்” என்று சொல்லி அடித்தேன். அது ஃபெயர்வேயின், அதாவது குழிக்குப் போகும் வெட்டிய புல்வழியின், நடுவில் விழுந்தது. போய்ப் பார்த்தால் முதல் பந்து மரங்களுக்கு இடையே திறந்த இடத்தில் அழகாகக் கிடக்கிறது. ஆறாம் அயனால் அடித்தேன். பந்து குழியைச் சுற்றியுள்ள க்ரீன் புல்தரையில் ஏறியது. என் ஆட்ட வாழ்க்கையில் அடித்த நல்ல அடிகளில் அது ஒன்று. மகிழ்ச்சியோடு போய் இரண்டாம் பந்தை எடுக்கக் குனிந்தேன். என் புள்ளிகளைக் குறித்துக்கொண்டிருந்தவர், “அதைத் தொடாதே” என்றார்.

விதி இதுதான். பந்து தொலைந்திருக்கலாம் என்று நினைத்துத் தற்காலிகமாக ஒன்றை அடிப்பதானால், அடிப்பதற்கு முன் ‘புரொவிஷனல்’ என்று சொல்ல வேண்டும், அல்லது தற்காலிகப் பந்துதான் அடிக்கிறேன் என்பது ஐயமில்லாமல் விளங்கும்படி அறிவிக்க வேண்டும். ‘இன்னொன்று’, ‘மறுபடியும்’ போன்ற சொற்கள் போதா. அறிவிக்காமல் அடித்த கணத்திலேயே இரண்டாம் பந்துதான் என் பந்து. முதல் பந்து கண்முன்னே கிடந்தாலும் அது ஆட்டத்தில் இல்லாத பந்துதான்.

கணக்கைப் பாருங்கள். முதல் அடி ஒன்று, தண்டம் ஒன்று, இரண்டாம் பந்தை அடித்தது மூன்றாவது. என் பந்து அல்லாத ஒன்றை அயனால் அடித்ததற்கு மேலும் இரண்டு தண்டம். ஐந்து. அந்த அழகான அடி கணக்கிலேயே இல்லை. ஃபெயர்வேக்குத் திரும்பி ஆறாவது அடியில் க்ரீனை அடைந்து, எட்டில் முடித்தேன். அவர் தடுக்காமல் நான் அடுத்த குழியில் ஆடத் தொடங்கியிருந்தால் போட்டியிலிருந்தே நீக்கியிருப்பார்கள். அந்த மனிதருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால், க்ரீனில் இரண்டு அடி வைத்து நான்கில் முடித்திருப்பேன். தகுதி வரம்பை நான் தவறவிட்டது இரண்டு அடிகளால்.

என்னை இன்னும் வதைப்பது என்னவென்றால், அந்தச் சொல் எனக்குத் தெரியாத சொல் அல்ல. நூறு முறை கேட்டிருக்கிறேன். சொல்வதற்குக் கூச்சமாக இருந்தது. இங்கிலீஷ் சரளமாகப் பேசும் ஆட்டக்காரர்கள் நடுவே நீளமான சொல்லைத் தப்பாக உச்சரித்துவிடுவேனோ என்ற பயம் ஒன்று. என் முதல் அடி கெட்டது என்று வாய்விட்டு ஒப்புக்கொள்வது போல இருந்தது இன்னொன்று. நம் பிள்ளைகளிடமும் அதே கூச்சத்தைப் பார்க்கிறேன். முணுமுணுக்கிறார்கள், தலையை ஆட்டுகிறார்கள், கையைக் காட்டுகிறார்கள். அதனால் இப்போது எங்கள் வயலில் ஒரு கட்டாயம் உண்டு: பந்து வரம்பைத் தாண்டும்போல் தெரிந்தால், வாய்க்கால் கரையில் நிற்பவருக்கும் கேட்கும்படி அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். தப்பாக உச்சரித்தாலும் பரவாயில்லை. விதிப்புத்தகத்தை ஆளுக்கு ஒரு பக்கமாகத் தமிழில் சொல்லிப் படிக்கிறோம். கேட்டுப் படித்தது போதும்.

சிவப்புக் கட்டை

கோல்ஃப் திடலில் சிவப்புக் கட்டை நட்டிருந்தால் அது தண்டப் பகுதி, பந்தை வெளியே எடுத்து ஆடினால் ஒரு அடி தண்டம். விருப்பமானால் உள்ளே போய்த் தண்டமில்லாமல் பந்தை ஆடலாம். வன்னியில் சிவப்பு என்றால் மிதிவெடி. மண்டையோட்டுப் பலகையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். முகமாலைப் பக்கம் எத்தனையோ ஆண்டுகளாக நிலத்தை அங்குலம் அங்குலமாகத் துப்புரவு செய்தார்கள். எங்கள் வயல் துப்புரவாக்கிக் கையளிக்கப்பட்ட நிலம். ஆனாலும் நான் அங்கே சிவப்புக் கட்டை நடவில்லை, நடவும் மாட்டேன். சிவப்பைத் தாண்டி நடக்கும் பழக்கம் ஒரு பிள்ளைக்கும் வரக் கூடாது. வரம்புக்கு அப்பால் போன பந்து போனதுதான். எவ்வளவு புதுப் பந்தாக இருந்தாலும் ஒருவரும் பற்றைக்குள் இறங்கக் கூடாது.

வாசிக்காமல் கையெழுத்து வைப்பது

அமெரிக்காவில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில், 1968இல், ஆர்ஜென்டீனாவின் ரொபேர்டோ டி விசென்சோ 17ஆம் குழியை மூன்று அடிகளில் முடித்தார். உடன் ஆடியவர் நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ பார்க்காமல் கையெழுத்து வைத்தார். 65 என்று இருக்க வேண்டியது 66 ஆகவே நின்றது. சமநிலைக்கு வந்து மறுநாள் ஆடியிருக்க வேண்டியவர் ஒரு அடியால் தோற்றார். அடித்ததைவிட அதிகமாக எழுதினால் அந்த எண்ணே நிற்கும். குறைத்து எழுதினால் பெரும்பாலும் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். ஒவ்வொரு குழிக்கும் விரலை வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

தொழில்முறைக்கு அவசரப்படுவது

நுவரெலியா, கொழும்புத் திடல்களிலிருந்து போய் இந்தியச் சுற்றில் வென்ற நம் நாட்டவர்கள் இருக்கிறார்கள், என். தங்கராஜா அவர்களில் ஒருவர். அந்தச் செய்தியைப் படித்ததும் எல்லோருக்கும் உடனே தொழில்முறையாளராக வேண்டும். நுழைவுக் கட்டணம், பயணம், தங்குமிடம், கெடியின் கூலி எல்லாம் உங்கள் கையிலிருந்து போகும். பெரும்பாலான போட்டிகளில் இரண்டு நாள் முடிவில் தகுதி வரம்புக்குள் வராதவர் வெளியே, அவருக்குப் பரிசுப் பணம் ஒரு சதமும் இல்லை. ஒரு பருவத்துக்கான பணம் கையில் சேரும்வரை பொறுத்திருங்கள்.

இரண்டாம் நாள் இரவுக்குத் திரும்பும் டிக்கெட்

எடுக்காதீர்கள்.