பயனாளி என்று எங்கே எழுதலாம்?

தொழிலாளி, நோயாளி போல 'பயன்' என்பதோடு 'ஆளி' சேர்ந்து வந்த சொல் பயனாளி. ஆண், பெண் இருபாலருக்கும் பொது. ஒரு திட்டத்தின் உதவி யாருக்குப் போய்ச் சேருகிறதோ அவரே பயனாளி.

செய்திகளிலும் சுற்றறிக்கைகளிலும் அதிகம் சறுக்குவது இங்கேதான். மனு கொடுத்தவர்கள் எல்லாரையும் பயனாளிகள் என்று எழுதிவிடுகிறார்கள். மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பித்தவர் விண்ணப்பதாரர். தகுதி உறுதியாகி, மாதத் தொகை அவருக்கு ஒப்பளிக்கப்பட்ட பிறகே பயனாளி. இரண்டையும் கலந்தால், நிராகரிக்கப்பட்டவர்களும் பணம் பெற்றவர் கணக்கில் ஏறிவிடுவார்கள். அது சொற்பிழையோடு நிற்காது, தகவலே பிழையாகிவிடும்.

செயலியையோ இணையதளத்தையோ பயன்படுத்துபவர் பயனர். கடையில் காசு கொடுத்துப் பொருள் வாங்குபவர் நுகர்வோர். வங்கி வைப்புத்தொகைக்கு நியமிக்கப்பட்டவரை நாமினி என்றே எழுதுங்கள். அவர் வாரிசுகளின் சார்பில் பணத்தைப் பெற்றுக்கொள்பவர். நாமினி என்பதாலேயே அந்தப் பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது.

'பயன்பெறும் பயனாளிகள்' என்பதில் முதற்சொல் வீண், வெட்டிவிடலாம். உயர்திணை என்பதால் 'பயனாளிகள் பெற்றனர்' என்று முடியுங்கள், 'பெற்றன' தவறு. சந்தியில் ஒரு நுணுக்கம்: 'பயனாளிகள் பட்டியல்' என்பதில் ஒற்று மிகாது. 'பயனாளிகளுக்குக் கடன்', 'பயனாளிகளைத் தேர்ந்தெடுத்தனர்' இரண்டிலும் ஒற்றை விட்டுவிடாதீர்கள்.

ஒரே ஒருவரைக் குறிக்கும்போது 'பயனாளி வந்தார்' என்று மரியாதையோடு எழுதுவதே முறை.