பகடையைத் திட்டும் முன்: கேம் மாஸ்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இந்த எரிச்சல் புதிதன்று. இரண்டு பித்தளைக் கட்டைகளை உருட்டி ஒன்று விழுந்தால்தான் காயை இறக்க முடியும். அதற்கான வாய்ப்பு எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல், மற்றவர்களின் காய்கள் கட்டம் கட்டமாக நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிலை ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை நேரும். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்தை (ஆளுக்கொரு பாத்திரமாக ஆட, அவர்கள் செய்வது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்) நடத்தத் தொடங்கியபோது, அதே எரிச்சலை நானே நண்பர்களுக்கு வாரந்தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது சில மாதங்கள் கழித்தே எனக்கு உறைத்தது. அவர்கள் பகடையைத் திட்டினார்கள். திட்டு வாங்க வேண்டியவன், கதையை நடத்தி, கண்ட இடத்திலெல்லாம் உருட்டச் சொன்ன கேம் மாஸ்டராகிய நான்.

காசிமேட்டை மனத்தில் வைத்து அமைத்த ஒரு துறைமுக நகரில், ஐஸ் கிடங்கின் பூட்டைத் திருடன் பாத்திரம் திறக்க வேண்டியிருந்தது. இருபது முகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்றேன். அதாவது 30 சதவீத வாய்ப்பு. 4 விழுந்தது. “திறக்கல.” “இன்னொரு தபா போடவா மச்சான்?” “போடு.” 11. “திறக்கல.” அடுத்து 7, அதற்கடுத்து 2. கிடங்கில் காவலாளி இல்லை, விடிவதற்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு இல்லை, பூட்டைத் திறக்கும் கம்பி உடையும் என்ற அச்சமும் இல்லை. எப்போதாவது திறந்தே தீரப்போகும் பூட்டுக்காக நான்கு பேர் கால் மணி நேரம் டீயை ஆறவிட்டுக் காத்திருந்தோம். தோல்வியால் எதுவுமே மாறாத இடத்தில் பகடை உருட்டுவதே நான் கண்ட தவறுகளில் பெரியது. உருட்டச் சொல்லும் முன், விழாவிட்டால் என்ன நடக்கும் என்று கேம் மாஸ்டர் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்; பதில் இல்லையென்றால் பூட்டு திறந்துவிட்டது என்று சொல்லிவிட்டுக் கதையை நகர்த்திவிடலாம். பதில் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது: பூட்டு எப்படியும் திறக்கும், ஆனால் 15க்குக் கீழே விழுந்தால் சத்தம் கேட்டு யாரோ படியேறி வருவார்கள். 2010இல் வெளிவந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற கதை ஆட்டம் இதை விதியாகவே ஆக்கியிருக்கிறது. அதில் இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை என்றால் ஏதாவது விலை கொடுத்துப் பெறும் வெற்றி. 6 அல்லது அதற்குக் கீழே என்றால் சிக்கல். பாத்திரத்தின் திறமைக்கான கூடுதல் புள்ளிகள் எதுவும் சேராத நிலையில் அந்த நடு அடுக்கு மட்டுமே 36இல் 15 முறை வரும். ஆட்டத்தின் சுவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

ஒரே செயலுக்கு எல்லாரையும் உருட்டவைத்து, ஒருவர் தவறினாலும் அனைவரும் மாட்டினார்கள் என்று சொல்வது அடுத்த தவறு. ஆளுக்கு 70 சதவீத வாய்ப்புள்ள நான்கு பேர் ஓசையின்றிப் பதுங்கிச் செல்லும்போது, நால்வருமே தப்பும் வாய்ப்பு 24 சதவீதம்தான். “எழுபது பர்சென்ட் இருந்தும் தினம் மாட்டுறோமே” என்று நண்பர் ஒருவர் புலம்பியது நியாயமே. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில், குழுவில் குறைந்தது பாதிப் பேர் வென்றால் குழுவே வென்றதாகக் கொள்ளும் விதி இருக்கிறது. அதைக் கையாண்டால் அதே நால்வரின் வாய்ப்பு ஏறத்தாழ 92 சதவீதமாகிறது. புத்தகத்திலேயே இருந்த விதியை ஓராண்டுக்கு மேல் நான் கவனிக்கவில்லை.

இருபது முகப் பகடையில் 1 விழுந்தால் வாள் கைநழுவும், அம்பு தோழன்மேல் பாயும் என்ற வீட்டு விதியைப் பலர் சிரிப்புக்காகச் சேர்க்கிறார்கள். முதல் இரண்டு முறை சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் ஒரு சுற்றில் ஒரே முறை வாள் வீசும் புதியவனுக்கு அந்த அவமானம் நேரும் வாய்ப்பு 5 சதவீதம். நான்கு முறை வீசும் இருபதாம் நிலை வீரனுக்கோ 18 சதவீதத்துக்கும் மேல். பயிற்சி கூடக் கூட வாளை அடிக்கடி தவறவிடுகிறவனை வீரன் என்று எப்படி நம்புவது? ஐந்தாம் பதிப்பின் விதிப்படி தாக்குதலில் 1 விழுந்தால் குறி தப்பும், அவ்வளவே.

எந்தப் பகடை என்பதையும் யோசிக்க வேண்டும். இருபது முகப் பகடையில் 1, 10, 20 எல்லாமே சமமாக 5 சதவீதம்; மூன்று ஆறுமுகப் பகடைகளைக் கூட்டினால் 10, 11 ஆகியவை தலா 12.5 சதவீதம் வர, 3 விழுவது 216இல் ஒரு முறைதான். கைதேர்ந்த கொல்லன் கொல்லனாகவே நடந்துகொள்ள வேண்டிய கதைக்குப் பின்னதும், எதுவும் நடக்கலாம் என்ற பரபரப்புக்கு முன்னதும் பொருந்தும்.

கடைசியாக, கேம் மாஸ்டர் தன் முன் வைத்துக்கொள்ளும் மறைப்புத் திரைக்குப் பின்னால் உருட்டி, விழுந்த எண்ணை மாற்றிச் சொல்வது. இரக்கத்தால்தான் செய்தேன். ஆனால் சாக வேண்டிய பாத்திரம் மூன்றாவது முறையும் பிழைத்தபோது, அதை ஆடிய நண்பரே “சும்மா சொல்லாத” என்று தன் பாத்திரத்தின் விவரங்கள் எழுதிய காகிதத்தை மடித்து வைத்தார். சாவு வேண்டாம் என்று தோன்றினால் உருட்டாமலே அப்படி முடிவு செய்துவிடலாம். இப்போது எவர்சில்வர் தாம்பாளத்தில் எல்லார் கண்ணெதிரே உருட்டுகிறேன். கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்காமலிருக்க அடியில் ஒரு பழைய துண்டை விரித்துக்கொள்கிறேன்.