ஜெர்மனியில் கோடை வேலை: பதில் வராத விண்ணப்பத்தைச் சரிசெய்தது

விண்ணப்பங்களுக்குப் பதிலே வராததற்கு என் மதிப்பெண் காரணமில்லை, சுயவிவரத்தில் இல்லாத மூன்று வரிகள்தான். எந்தத் தேதி முதல் எதுவரை வேலைக்கு வர முடியும், வரி அடையாள எண் உண்டா, இந்த ஆண்டு இன்னும் எத்தனை நாள் வேலை செய்ய அனுமதி இருக்கிறது என்பவை. இவற்றை ஜெர்மன் மொழியில் ஒரே பக்கத்தில் மேலே போட்டு, மாணவர் பதிவுச் சான்றையும் இணைத்தபின் அழைப்புகள் வந்தன.

நாள் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவருக்கு 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். நான்கு மணி நேரம் வரை அரை நாள். நாள் வாரியாகக் கணக்கிட்டால் ஐந்து மணி நேர ஷிப்ட் ஒரு முழு நாளைத் தின்றுவிடும். பல்கலைக்கழகத்திலேயே பார்க்கும் மாணவர் உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் சேராது (இது தெரியாமல் நாள்களை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு).

விடுமுறை ஜூலை நடுவில் என்றாலும் மே மாதமே எழுதுங்கள். தொழிற்சாலைகளும் கிடங்குகளும் நிரந்தர ஊழியர் விடுப்பில் போகும் ஆகஸ்டுக்குத்தான் ஆள் எடுக்கின்றன. வரி அடையாள எண் கொடுக்காவிட்டால் ஆறாம் வரி வகுப்பில் வைத்துச் சம்பளத்தில் அதிக வரி பிடிப்பார்கள். கூடுதலாகப் பிடித்ததை மறு ஆண்டு வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.