மேற்பரப்பு ஆய்வில் பானை ஓடுகளை எண்ணும் முறை

2013-14ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை வைகைக் கரையோரமாக நடத்திய கள ஆய்வில் 293 இடங்கள் பதிவாயின. பின்னர் அகழாய்வுக்குத் தேர்வான கீழடியும் அவற்றுள் ஒன்று. தோண்டாமல், நிலத்தில் நடந்து தரைமேல் கிடக்கும் பானை ஓடுகளைத் தேடுவதே மேற்பரப்பு ஆய்வு. அதில் இத்தகைய இடங்களைக் கண்டறிய, ஊர்மக்கள் சொல்லும் திடல், மேடு முதலிய பெயர்களும் தேர்ந்த கண்ணும் பெரிதும் உதவும். ஆனால் ஒரு நிலப்பரப்பில் பழைய குடியிருப்புகள் எவ்வளவு அடர்த்தியாக இருந்தன என்று சொல்ல விரும்பினால், ஓடு கிடைத்த இடங்களின் பட்டியல் போதாது. தேடியும் கிடைக்காத இடங்கள் எவை என்பதும் தெரிய வேண்டும்.

வைகைக் கரையில் 4 சதுர கிலோமீட்டர் நிலத்தை ஆய்வதாகக் கொள்வோம். 50 மீட்டர் பக்கமுள்ள சதுரங்களாகப் பிரித்தால் 1,600 கட்டங்கள் வரும். அவற்றை ஆற்றங்கரை 320, புஞ்சை 800, நஞ்சை 480 என நிலவகைப்படி பிரித்து, ஒவ்வொரு வகையிலும் எத்தனை கட்டங்களில் நடப்பது என்று முடிவுசெய்த பின், எந்தெந்தக் கட்டங்கள் என்பதைக் கணினி எந்த ஒழுங்குமின்றித் தரும் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். இத்தேர்வு களத்தில் இறங்குவதற்கு முன்பே முடிந்திருப்பது அவசியம். சீமைக் கருவேலம் மண்டிய கட்டத்தைத் தவிர்த்து வண்டிப்பாதையை ஒட்டிய கட்டத்துக்கு மாறிக்கொண்டே போனால், பழங்கால மக்கள் இன்றைய பாதையோரமாகவே வாழ்ந்தார்கள் என்ற பொய்யான படம் உருவாகிவிடும். வழியில் தற்செயலாகக் காணும் ஓடுகளைத் தனிப் பதிவேட்டில் குறிக்கலாம். கணக்கில் சேர்க்கக் கூடாது.

கட்டத்துக்குள் 10 மீட்டர் இடைவெளியில் ஐவர் நடந்து, ஒவ்வொருவரும் இருபுறமும் ஒரு மீட்டர் அளவுக்குப் பார்த்தால், தரையில் 20 சதவீதமே கண்ணில் படும். அதிலும் உழுத மண்ணில் பளிச்சென்று தெரியும் கருப்பு-சிவப்பு ஓடு, புல் மூடிய தரையில் தெரியாது. இந்த வேறுபாட்டை அளந்துகொள்ள ஒரு வழி உண்டு. அடையாளமிட்ட 50 புதுப் பானைத் துண்டுகளை, நடக்கும் பாதைக்குள் வரும்படி ஒருவர் முன்னதாகப் பரப்பிவைக்க, இடம் அறியாத மற்றவர்கள் தேட வேண்டும். உழுத நிலத்தில் 40உம் புல்தரையில் 15உம் அகப்பட்டால், அந்தந்த நிலத்தின் எண்ணிக்கையை முறையே 0.8, 0.3 ஆகியவற்றால் வகுத்த பிறகே இரண்டையும் ஒப்பிட வேண்டும். சோதனைத் துண்டுகள் அனைத்தையும் திரும்பப் பொறுக்கிவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கண்மாய் வண்டலை அள்ளிக் கொட்டிய வயலில் கிடைக்கும் ஓடு அவ்வயலுக்கு உரியதாக இல்லாமலும் போகலாம். இதை எந்தச் சூத்திரமும் திருத்தித் தராது; உழவரிடம் கேட்டு எழுதிக்கொள்வதே வழி.

கணக்கிடும்போது பெரும்பாலானோர் தடுமாறுவது சராசரியில்தான். புஞ்சையில் நடந்த 30 கட்டங்களில் 26இல் ஒன்றும் இல்லை, மூன்றில் 2, 3, 5 ஓடுகள், ஒன்றில் மட்டும் 140 என்று வைத்துக்கொள்வோம். கட்டத்துக்குச் சராசரி 5 ஓடுகள். ஆனால் திட்டப் பிழை, அதாவது வேறு கட்டங்கள் தேர்வாகியிருந்தால் சராசரி எவ்வளவு மாறியிருக்கக்கூடும் என்பதன் அளவு, ஏறத்தாழ 4.7; இது சராசரிக்குக் கிட்டத்தட்ட நிகர். அந்த ஒரு கட்டம் தேர்வில் விழாதிருந்தால் முடிவே தலைகீழாகியிருக்கும். ஆகவே 5ஐ 800ஆல் பெருக்கி மொத்தம் 4,000 ஓடுகள் என்று அறிவிப்பதை விட, 30இல் 4 கட்டங்களில் ஓடு உண்டு என்று எழுதி, 140 கிடைத்த கட்டத்தைச் சுற்றியுள்ள கட்டங்களில் பிறகு நெருக்கமாக நடந்து பார்ப்பதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. ஒவ்வோர் ஓட்டையும் தனித் தரவாகக் கொண்டு பிழையைக் கணக்கிடுவது அறவே தவறு. தேர்ந்தெடுக்கப்பட்டது கட்டம், ஓடு அன்று.

நஞ்சையில் நடந்த 18 கட்டங்களிலும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், அங்கே எதுவுமே இல்லை என்று எழுதிவிடலாகாது. 95 சதவீத நம்பிக்கை அளவில், அதாவது தவறாகப் போக ஏறத்தாழ 5 சதவீத வாய்ப்பை மட்டும் விட்டுக் கணக்கிட்டால், 480 கட்டங்களில் சுமார் 70 வரை ஓடுகள் தென்படக்கூடியவையாக இருக்க இன்னும் இடமுண்டு. அந்த எண்ணையும், வெள்ள வண்டல் பழைய தரையை மூடியிருக்கக்கூடும் என்ற குறிப்பையும் சேர்த்தே அறிக்கையில் தர வேண்டும்.