லாஃப்லேர் என்ற பெயருக்கு முன்னால்

கனடாவின் பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த என் கணவரின் முன்னோர்களைத் தேடத் தொடங்கிய நான், லாஃப்லேர் என்ற குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு 1760ஆம் ஆண்டுக்கு முன்னால் போக முடியாமல் பல மாதங்கள் தவித்தேன். அப்பெயரில் ஒன்றுக்கொன்று உறவில்லாத குடும்பங்கள் பல இருந்தன.

காரணம் 'தி' என்ற சிறிய பிரெஞ்சுச் சொல். குடும்பப் பெயருக்கும் பட்டப்பெயருக்கும் நடுவே வரும் அதன் பொருள் 'எனப்படும்'. 1665இல் நியூ பிரான்சுக்கு, அதாவது இன்றைய கனடாவில் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றத்துக்கு, வந்த கரிஞான்-சாலியேர் என்ற பிரெஞ்சுப் படைப்பிரிவின் வீரர்கள் உட்படப் பலருக்குப் பட்டப்பெயர் இருந்தது. லாஃப்லேர் என்றால் பூ. சான்சூசி என்றால் கவலையற்றவன். படையில் வழங்கிய அப்பெயர் குடும்பப் பெயரோடு ஒட்டிக்கொள்ள, பிள்ளைகளில் ஒருவர் பழைய பெயரையும் இன்னொருவர் பட்டப்பெயரையும் வைத்துக்கொள்வதும் நடந்தது. முதற்பெயரும் உதவவில்லை, ஆண் குழந்தைக்கு ஜோசப் என்றும் பெண் குழந்தைக்கு மரி என்றும் முன்னால் சேர்ப்பது அங்கிருந்த கத்தோலிக்கரிடம் பரவலாக இருந்த வழக்கம்.

வழி திறந்தது பெண்களால்தான். மணமான பிறகும் அவர்கள் பதிவேடுகளில் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடே இருந்தார்கள் என்பதால், லாஃப்லேர் முன்னோரின் பெயரை விட்டுவிட்டு, அவர் மனைவியின் பெயரைக் கொண்டு பிள்ளைகளின் திருமுழுக்குப் பதிவுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். ஐந்தாவது குழந்தையின் பதிவில், மங்கிய மையில், வேறொரு குடும்பப் பெயரும் அதையடுத்து 'தி லாஃப்லேர்' என்பதும் இருந்தன; அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பழைய பெயரில் தேடியதும் அவ்வூர்த் தேவாலயத்தின் திருமணப் பதிவு கிடைத்தது, அதில் மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயர்களும் இருந்தன.

இப்போது ஒவ்வொருவருக்கும் இரு பெயர்களையும் குறித்து வைத்து, தனித்தனியே தேடுகிறேன்.