பஸ்ல தூக்கிட்டுப் போக, கோடிங் பண்ண: லேப்டாப் பாத்து வாங்குறது எப்படி

போன மாசம் சித்தப்பா போன் பண்ணாரு. "தம்பி, நெல்லு போட்ட காசு அக்கவுண்ட்ல ஏறிடுச்சு, பாப்பாவுக்கு லேப்டாப் வாங்கணும், நீதான் பாத்து சொல்லணும்"னாரு. பாப்பா கும்பகோணத்துல பிசிஏ ரெண்டாவது வருஷம், பாபநாசத்துலேர்ந்து டெய்லி பஸ், காலைல அந்த நேரத்துல நிக்க எடம் கெடைச்சாலே பெரிய விஷயம். அவளுக்குப் பாத்து குடுத்ததைத்தான் அப்படியே வரிசையா எழுதுறேன். நான் ஏற்கனவே ஒரு தடவை வாங்கி ஏமாந்தவன், அதனால ஒரு ஸ்டெப் மட்டும் ரொம்ப நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

ஸ்டெப் 1: என்ன ஓட்டப் போறீங்க

பைத்தான், சி, ஜாவா, வெப்சைட் செய்யுறது இதெல்லாம் எதுலயும் ஓடும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ போட்டு எமுலேட்டர் (லேப்டாப்புக்குள்ளயே போன் மாதிரி ஓடுறது) ஓட்டணும்னா 16 ஜிபி ரேமுக்குக் கீழ யோசிக்காதீங்க. ஐபோன் ஆப் செய்யணும்னா எக்ஸ்கோடு மேக்ல மட்டும்தான் ஓடும், வேற வழி இல்ல. கேமிங் லேப்டாப் வேணாம். "கோடிங்குக்கு கிராபிக்ஸ் கார்டு வேணும்ண்ணே"ன்னு பாப்பாவே கேட்டா, அது கோடிங்குக்கு இல்லம்மா, உன் தம்பிக்குன்னு சொல்லிட்டேன்.

ஸ்டெப் 2: ரேம் (நான் வழுக்கி விழுந்த எடம்)

மூணு வருஷம் முன்னாடி மெல்லிசா அழகா ஒண்ணு வாங்குனேன், 8 ஜிபி. கடைல "அப்புறமா ஏத்திக்கலாம் சார்"னு சொன்னாங்க, நானும் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். ஆறு மாசம் கூட ஓடல, விஎஸ் கோடு, டாக்கர், குரோம்ல பதினஞ்சு டேப் தொறந்தா மவுஸ் நகர்றதுக்கே மூச்சு வாங்கும். சரி ஏத்திடுவோம்னு ஆன்லைன்ல 8 ஜிபி ரேம் ஸ்டிக் ஒண்ணு வாங்கி மன்னார்குடி பந்தலடி பக்கம் தெரிஞ்ச சர்வீஸ் பையன்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவன் ஸ்க்ரூவெல்லாம் கழட்டி, ரப்பர் காலுக்கு அடியில ஒளிஞ்சிருந்ததையும் கண்டுபிடிச்சுக் கழட்டி, பழைய ஏடிஎம் கார்டை ஓரத்துல விட்டு நெம்பித் தொறந்து பாத்துட்டு, "அண்ணே, ஸ்லாட்டே இல்லண்ணே, போர்டோட பத்தவச்சிருக்கான்"னான். அதாவது ரேம் சிப்பை போர்டுலயே சோல்டர் பண்ணிட்டாங்க, கழட்டி மாத்த முடியாது. அந்த ஸ்டிக் இன்னும் கவர் பிரிக்காம எங்க வீட்டு பீரோல கெடக்கு.

மெல்லிசான லேப்டாப்ல இது சகஜம். அதனால கடைல டெமோ பீஸ் இருந்தா இதைப் பண்ணுங்க: கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அழுத்துனா டாஸ்க் மேனேஜர் வரும். அதுல பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. கீழ வலது பக்கம் ஃபார்ம் ஃபேக்டர்னு ஒரு வரி இருக்கும். எஸ்ஓடிம்னு இருந்தா பெரும்பாலும் ஸ்லாட் இருக்கு, மாத்தலாம். ரோ ஆஃப் சிப்ஸ்னு இருந்தா பத்தவச்சது.

அப்படியே ஹார்ட்வேர் ரிசர்வ்டுங்கற வரியையும் பாருங்க. தனி கிராபிக்ஸ் இல்லாத லேப்டாப் எல்லாம் ரேம்லேர்ந்துதான் கிராபிக்ஸுக்குக் கொஞ்சம் எடுத்துக்கும். என்னோடதுல 8 ஜிபின்னு பேரு, யூசபிள் 5.8 தான்! மாட்டைக் காட்டி கன்னுக்குட்டிய வித்த கதை.

பத்தவச்சதுனா ஒரேயடியா ஒதுக்க வேணாம், ஆனா 16 ஜிபியா வாங்கணும், ஏன்னா வாங்குற அன்னைக்கு இருக்குறதுதான் கடைசி வரைக்கும். எனக்குப் பிடிச்சது 8 போர்டுல பத்தவச்சு, கூட ஒரு ஸ்லாட் காலியா விட்டிருக்குற மாடல். காசு இருக்கும்போது ஏத்திக்கலாம். என்ன, இப்ப ரேம் விலையும் ஏறிக்கெடக்கு, அதனால முடிஞ்சா மொதல்லயே 16.

ஸ்டெப் 3: ப்ராசசர் நம்பர்

பெரிய நம்பர்னா புதுசுன்னு நெனைக்காதீங்க. ஏஎம்டி கம்பெனியோட ரைசன் 5 7520யூ, 7530யூ ரெண்டும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முன்னாடி இருக்குற 7 எந்த வருஷத்து வரிசைன்னுதான் சொல்லும், மூணாவது எண்தான் உள்ள இருக்குற டிசைன். 7520ல இருக்குறது ஜென் 2ங்கற பழைய டிசைன், நாலு கோர். 7530ல ஜென் 3, ஆறு கோர். 7520க்கு எல்பிடிடிஆர்5 ரேம் மட்டும்தான் போடமுடியும், அதாவது பத்தவச்சது. மறுபடியும் ஸ்டெப் 2!

இன்டெல்னா கடைசி எழுத்தைப் பாருங்க. யூ கரண்ட் கம்மியா குடிக்கும், ஹெச் வேகம் ஜாஸ்தி, பேட்டரியும் வேகமா கரையும். பஸ்ல போறவங்களுக்கு யூ போதும்ங்கறது என் கட்சி.

ஸ்டெப் 4: எடை

விளம்பரத்துல போடுற எடை லேப்டாப்புக்கு மட்டும்தான், சார்ஜரை யாரும் சேக்க மாட்டாங்க. சித்தப்பா வீட்டுக்கு எதிர்த்தாப்ல உள்ள மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசுல என் பழைய 15 இன்ச்சை வச்சுப் பாத்தோம். லேப்டாப் 1.8 கிலோ, சார்ஜர், வயரோட 2.3. அதோட டிபன் பாக்ஸ், ஒரு லிட்டர் தண்ணி, ரெக்கார்டு நோட்டு. பாப்பா பேக்கை மாட்டிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, எறக்கி வச்சுட்டா. அங்கயே 14 இன்ச்னு முடிவாயிடுச்சு. சார்ஜரோட ஒன்றரை, ஒண்ணே முக்காலுக்குள்ள பாருங்க.

ஸ்டெப் 5: சார்ஜிங்

டைப் சி-ல சார்ஜ் ஏறுதான்னு கேளுங்க. ஓட்டை இருந்தாலே ஏறும்னு அர்த்தம் இல்ல, சிலது டேட்டாவுக்கு மட்டும். பவர் டெலிவரின்னு (சுருக்கமா பிடி) ஸ்பெக்ல இருக்கணும், 65 வாட் சார்ஜர் ஒண்ணு வாங்குனா போன், லேப்டாப் ரெண்டுக்கும் அதுவே. நம்ம ஊர்ல மாசத்துக்கு ஒரு நாள் மின்வாரியம் பராமரிப்புன்னு காலைல நிறுத்துனா சாயங்காலம்தான். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எங்க தெருவுக்கு கரண்ட் வர வாரக்கணக்காச்சு, ஜெனரேட்டர் வச்சிருந்தவர் வீட்டுத் திண்ணைல போனுக்கு க்யூ. அதுலேர்ந்து பவர் பேங்க்ல சார்ஜ் ஏறாத லேப்டாப்பை நான் தொடறதில்ல. பவர் பேங்க்லயும் 45 இல்ல 65 வாட் பிடி அவுட்புட்னு போட்டிருக்கணும், போனுக்கு வாங்குன சாதா பவர் பேங்க் இதுக்கு ஆவாது.

ஸ்டெப் 6: மத்தது

ஸ்டோரேஜ் எஸ்எஸ்டி, 512 ஜிபி. ஸ்க்ரீன் ஐபிஎஸ் வகை, வெளிச்சம் 300 நிட்ஸ், முடிஞ்சா 16:10ங்கற கொஞ்சம் உயரமான ஸ்க்ரீன், கோடு நாலு வரி கூடத் தெரியும். கீபோர்டை கடைலயே நின்னு பத்து வரி டைப் பண்ணிப் பாருங்க, கூச்சப்படாதீங்க. டெலீட் பக்கத்துலயே பவர் பட்டன் வச்ச மாடல் எனக்கு ஆகாது. பில்லுல இருக்குற சீரியல் நம்பரும் பெட்டில இருக்குறதும் ஒண்ணான்னு பாத்துட்டு கெளம்புங்க.

அப்டேட்: ஒருத்தர் கமெண்ட்ல "டாஸ்க் மேனேஜர்ல ஸ்லாட்ஸ் யூஸ்டு 2 ஆஃப் 2ன்னு காட்டுது, அப்ப ஸ்லாட் இருக்குதானே"ன்னு கேட்டாரு. இல்லங்க. பத்தவச்ச சிப்பையும் அது ஸ்லாட்டாவே எண்ணும், ஃபார்ம் ஃபேக்டர் வரியைப் பாருங்க, சந்தேகம்னா மாடல் நம்பரை கம்பெனி சைட்ல போட்டுப் பாத்துக்கங்க.

இன்னொரு அப்டேட்: டெமோ பீஸ்ல பாஸ்வேர்டு போட்டிருக்காங்கன்னு ரெண்டு பேர் சொன்னீங்க. பெட்டி ஸ்டிக்கர்ல உள்ள முழு மாடல் நம்பரை போட்டோ எடுத்து கம்பெனி சைட்ல தேடுங்க. பேரு ஒண்ணா இருந்தாலும் கடைசி நாலு எழுத்து மாறுனா உள்ள வேற சரக்கு. மெமரி வரில ஆன்போர்டு, சோல்டர்டு, எல்பிடிடிஆர் இதுல எது இருந்தாலும் பத்தவச்சது.

பாப்பாவுக்கு கடைசில வாங்குனது 7530யூ, 14 இன்ச், 8 பிளஸ் ஒரு ஸ்லாட். பீரோல கெடந்த ஸ்டிக் அதுக்கு சேருமான்னு ஆசையா எடுத்துட்டுப் போனேன். இதுல டிடிஆர்4, என்னோடது டிடிஆர்5, ரெண்டும் வேற வேற ரேம் வகை, ஒண்ணோட ஸ்லாட்ல இன்னொண்ணு பொருந்தாது. திரும்ப பீரோக்கே போயிடுச்சு, யாருக்காவது வேணும்னா சொல்லுங்க.